'பஞ்ச்' என்பது ஒரு சொல்லா, பல சொற்களா?

சொல்தேடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பழைய சென்னையின் அன்றாட வாழ்க்கையைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகள் சிலவற்றைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். புனித ஜார்ஜ் கோட்டைச் சிப்பாய்கள் மாலையானதும் 'பஞ்ச் ஹவுஸ்' நோக்கிப் போய்ச் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு வந்தார்கள் என்று ஓரிடத்தில் வருகிறது. நான் சற்றும் தயங்காமல் அதைக் 'குத்துச்சண்டைக் கூடம்' என்று எழுதிவிட்டேன். பந்தயம் கட்டித் தோற்றிருப்பார்கள் என்று ஒரு காட்சியும் மனத்தில் ஓடியதால், சந்தேகம் எழவே இல்லை. படியைப் படித்துப் பார்த்த நண்பர், ஓரத்தில் சிவப்பு மையில் "இது குடிக்கிற இடம், அடிக்கிற இடம் அல்ல" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

வெட்கத்தோடு ஆங்கில அகராதியைப் புரட்டினேன். அங்கே 'பஞ்ச்' என்ற ஒரே வடிவம் தலைக்கு மேல் 1, 2, 3 என்று எண்களைச் சூடிக்கொண்டு தனித்தனிப் பதிவுகளாக நிற்கிறது. கைமுட்டியால் குத்துவது, தாளில் துளையிடும் கருவி, பழச்சாறும் மதுவும் கலந்த பானம், மூக்கு நீண்ட பொம்மலாட்டக் கோமாளி, ஒருவகை இங்கிலாந்துக் குதிரை என எல்லாமே 'பஞ்ச்'தான். என் ஐயங்கள் மூன்று. இவை ஒரு மூலத்திலிருந்து கிளைத்த பொருள்களா, அல்லது தற்செயலாக ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்த வெவ்வேறு சொற்களா? பானத்தின் பெயர் வடமொழி 'பஞ்ச', அதாவது ஐந்து என்பதிலிருந்து வந்தது என்று கைப்பேசியில் சுற்றிவரும் செய்திகள் அடித்துச் சொல்கின்றனவே, அது எந்த அளவுக்கு உண்மை? இறுதியாக, 'பஞ்ச் ஹவுஸ்' என்பதை நான் தமிழில் எப்படி எழுதுவது?

குறுக்கெழுத்து

குத்துதலும் துளையிடுதலும் ஒரே குடும்பம் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன். லத்தீனில் 'புங்கெரே' என்றால் கூரான ஒன்றால் குத்துதல். அதிலிருந்து பிறந்த 'புங்க்டும்' என்பது குத்தியதால் ஏற்பட்ட புள்ளி. இந்த வேர் பழைய பிரெஞ்சில் 'பொன்சோன்' என்று கூர்முனைக் கருவிக்குப் பெயராகி, ஆங்கிலத்தில் 'பஞ்சன்' என்று நுழைந்தது. துளைக்கருவியைக் குறிக்கும் 'பஞ்ச்' அதன் சுருக்கம். வினைச்சொல் 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலத்தில் காணப்படுகிறது, ஆனால் அப்போது அதற்குக் கைமுட்டியோடு உறவில்லை. கோலால் இடித்து நகர்த்துவது, குறிப்பாக மாடுகளைக் குத்தி ஓட்டுவது என்பதே பொருள். நம் ஊரில் தார்க்குச்சி செய்கிற வேலை அது. அமெரிக்காவில் மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்றவர்களுக்குக் 'கௌபஞ்சர்' என்று பெயர் வந்ததில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது.

கையை மடக்கிக் குத்துவது என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் தென்படுகிறது. தண்டிப்பதைக் குறிக்கும் 'பனிஷ்' என்ற சொல் இடைக்கால ஆங்கிலத்தில் சுருங்கி ஏறத்தாழ இதே ஒலியோடு வழங்கியதால், அதன் நிழலும் இதன்மேல் விழுந்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. பிறப்பால் உறவில்லாத இரண்டு சொற்கள் அருகருகே வாழ்ந்தால் ஒன்றின் குணம் மற்றொன்றில் ஒட்டிக்கொள்வது எந்த மொழியிலும் நடப்பதுதான்.

இந்தக் குடும்பத்தார் பலர் தமிழுக்குள்ளும் வந்து குடியேறியிருக்கிறார்கள் என்பதை நாம் கவனிப்பதில்லை. சைக்கிள் கடையில் ஒட்டுகிற 'பஞ்சர்', பேச்சில் எடுத்து வைக்கிற 'பாயிண்ட்', நேரம் தவறாதவரைப் பாராட்டும் 'பங்க்சுவல்', ஊசி குத்தும் சீன மருத்துவமான 'அக்குபங்சர்' ஆகிய நான்கும் அந்த 'புங்கெரே' ஈன்ற பிள்ளைகள். முட்டியைக் குறிக்கும் லத்தீன் 'புக்னுஸ்' கூட இன்னும் ஆழத்தில் இதே வேரைத் தொடுகிறது என்று ஒப்பியல் மொழிநூலார் சொல்கிறார்கள். பானத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, அதில் என்னைவிடத் தேர்ந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

கீழவாசல்

குறுக்கெழுத்து என்னைத்தான் இழுத்துவிடுகிறார் என்று தெரிகிறது. நான் தேர்ந்தவன் பானத்தின் வரலாற்றில் மட்டுமே என்று பதிவு செய்துவிட்டுத் தொடர்கிறேன்.

ஐந்து என்ற கதை கைப்பேசியில் பிறந்ததன்று, அதற்கு முந்நூறாண்டுக்கு மேற்பட்ட வயது. ஜான் ஃபிரையர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1670களில் இந்தியாவில் சுற்றித் திரிந்து, தம் பயண நூலை 1698இல் வெளியிட்டார். கோவாவின் நேரூலில் காய்ச்சப்படும் சிறந்த சாராயத்தைக் கொண்டு ஆங்கிலேயர் 'பாஞ்ச்' என்ற பானத்தைச் செய்கிறார்கள் என்றும், அது உடலைத் தளர்த்திவிடுவது என்றும், ஐந்து பொருள்கள் சேர்வதால் இந்துஸ்தானி மொழியில் ஐந்து என்று பொருள்படும் அந்தப் பெயர் வந்தது என்றும் அவர் எழுதியிருக்கிறார். மருத்துவர் ஆகையால், ஐந்து சரக்குக் கூட்டுக்கு மருந்து நூல்களில் வழங்கும் 'டயாபென்டி' என்ற கிரேக்கப் பெயரையும் கையோடு ஒப்பிட்டுவிடுகிறார். சாராயம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, தண்ணீர், வாசனைச் சரக்கு என்று ஐந்தையும் விரல் மடக்கி எண்ணிக்காட்டுவது பின்னர் வழக்கமாயிற்று. பஞ்சாமிர்தமும் பஞ்சகவ்யமும் அறிந்த நமக்கு இது இயல்பாகவே படும்.

ஆனால் ஃபிரையருக்கு முந்தைய சான்றுகளைப் பார்த்தால் கதை தள்ளாடுகிறது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் ஒருவர் 1632இல் எழுதிய கடிதத்திலேயே 'பஞ்ச்' குடிப்பதைப் பற்றிய பேச்சு வருகிறது. அங்கே பெயர் மட்டும்தான் இருக்கிறது, விளக்கம் இல்லை. 1638இல் சூரத்துக்கு வந்த மாண்டல்ஸ்லோ என்ற ஜெர்மானியப் பயணி, அங்கிருந்த ஆங்கிலேயர் 'பாலெபுன்ட்ஸ்' என்ற ஒன்றைக் குடித்ததாகக் குறிக்கிறார். 'ஒரு கிண்ணம் பஞ்ச்' என்று பொருள்படும் 'பௌல் ஆஃப் பஞ்ச்' என்ற ஆங்கிலத் தொடரே அவர் காதில் அப்படி விழுந்திருக்கிறது. அவர் தரும் செய்முறையில் மதுசாரம், பன்னீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை என்று நான்கு பொருள்களே உள்ளன. பிரெஞ்சுக்காரரான பெர்னியே வங்காளத்தில் கண்ட 'பூல்போஞ்ச்' என்பதிலும் வெல்லத்திலிருந்து காய்ச்சிய சாராயம், எலுமிச்சைச் சாறு, தண்ணீர், மேலே துருவிய சாதிக்காய் என்று நான்குதான் தேறுகின்றன. ஐந்தால் பெயர் பெற்ற பானத்தை அந்தக் காலத்திலேயே நான்கு பொருளில் கலந்து குடித்தார்கள் என்றால், ஐந்து என்ற விளக்கம் பெயருக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதோ என்று ஐயம் எழுவது நியாயம்.

இரண்டாவது இடையூறு ஒலியில் இருக்கிறது. நம் ஐயத்தின் முடிச்சே அங்கேதான் என்பது என் கருத்து. இன்றைய ஆங்கிலத்தில் 'பஞ்ச்' என்று ஒலிப்பதை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழப் 'புஞ்ச்' என்று ஒலித்தார்கள். உகரம் அகரத்தை நோக்கி நகர்ந்தது அந்த நூற்றாண்டின் போக்கில்தான். மறுபக்கம், இந்தியில் ஐந்தின் பெயர் நெடிலும் மூக்கொலியும் கொண்ட 'பாஞ்ச்'. 'பாஞ்ச்' என்று கேட்டவர்கள் 'புஞ்ச்' என்று ஏன் சொல்லவேண்டும்? மாண்டல்ஸ்லோவின் 'புன்ட்ஸ்', பெர்னியேயின் 'போஞ்ச்' என்ற இரண்டிலும் உகரமோ ஒகரமோ இருப்பதைப் பாருங்கள், ஆகாரம் எதிலும் இல்லை. நாமோ பானத்தையும் 'பஞ்ச்' என்றெழுதுகிறோம், வடமொழி எண்ணையும் 'பஞ்ச' என்றெழுதுகிறோம். ஒரு புள்ளிதான் வேறுபாடு. அதனால் ஆங்கிலேயர் காதுக்கு எட்டாத ஒற்றுமை நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது. அதைத் தெரியவைப்பது தமிழ் எழுத்து, வரலாறு அன்று.

மாற்று விளக்கம் ஒன்று உண்டு. 'பஞ்சன்' என்பது கருவியை மட்டுமல்லாமல் பெரிய மரப்பீப்பாயையும் குறித்தது. 70 முதல் 120 காலன் வரை கொள்ளும் அந்தப் பீப்பாய்களில்தான் கப்பல்களில் மது ஏற்றப்பட்டது. பீப்பாயின் பெயரைச் சுருக்கி மாலுமிகள் அதிலுள்ள பானத்துக்கு வைத்திருக்கலாம் என்பது அந்த வாதம். அது உண்மையானால் பானமும் குறுக்கெழுத்து சொன்ன குத்துக் குடும்பத்துக்கே திரும்பிப் போய்விடும். அதற்கும் நேரடிச் சான்று கிடையாது. அகராதிகள் ஐந்து என்ற விளக்கத்தை 'இருக்கலாம்' என்ற சொல்லோடு தருவதற்கு இதுவே காரணம்.

ஓர் இடைக்குறிப்பு. இந்தச் சான்றுகளில் பலவற்றை ஒரே இடத்தில் திரட்டித் தருவது 1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி. அதை ஹென்றி யூலுடன் சேர்ந்து தொகுத்த ஆர்தர் பர்னெல் எங்கள் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், சரசுவதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை எழுதியவர். நூல் அச்சாவதற்கு முன்பே, 1882இல், காலமாகிவிட்டார். கீழவாசலில் குடியிருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஈய எழுத்து

முப்பது ஆண்டு அச்சுக்கோத்தவன் என்ற உரிமையில் கருவியைப் பற்றிச் சில வரிகள் சேர்க்கிறேன். அச்சுத் தொழிலில் 'பஞ்ச்' என்பது எல்லாவற்றுக்கும் முதல். நல்ல எஃகுத் துண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிப் புடைப்பாகச் செதுக்குவார்கள். அதைச் செம்புக் கட்டியின்மேல் வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒரே அடி அடித்தால் எழுத்து பள்ளமாகப் பதியும். அந்தப் பள்ளத்துக்கு 'மாட்ரிக்ஸ்' என்று பெயர். அதில் ஈயக் கலவையை உருக்கி ஊற்றினால் நாங்கள் கையாண்ட எழுத்து கிடைக்கும். ஆகவே, குத்துவது, துளைப்பது, பதிப்பது என்ற மூன்று பொருளும் ஒரே சுத்தியல் அடியில் அடங்கிவிடுகின்றன.

துளையிடும் பொருளுக்கும் ஒரு நல்ல வரலாறு உண்டு. ஜாக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் 1804ஆம் ஆண்டுவாக்கில் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியில் பூவேலை நெய்ய வழி செய்தார். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹாலரித் துளையட்டைகளைக் கொண்டு எண்ணி முடித்தார். அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது ரயில் பயணத்தில் என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். ஒருவரின் சீட்டை மற்றவர் பயன்படுத்தாமலிருக்க, பயணியின் முடி நிறம், கண் நிறம், மூக்கின் அளவு ஆகியவற்றுக்கு நேரே நடத்துநர் சீட்டில் துளையிடுவாராம். இன்று அலுவலகத்தில் விரலை வைத்துவிட்டுப் 'பஞ்ச் பண்ணிவிட்டேன்' என்கிறோம். துளையும் இல்லை, அட்டையும் இல்லை, சொல் மட்டும் நின்றுவிட்டது.

சொல்தேடி

மூவருக்கும் மிக்க நன்றி. அந்தக் கோமாளியும் குதிரையும் மீதமிருக்கிறார்கள். அவர்களுக்கும் குத்துக்கும் தொடர்பு உண்டா? பொம்மலாட்டத்தில் அந்தப் பஞ்ச் கையில் தடியோடு மனைவியையும் காவலரையும் அடித்துக்கொண்டேயிருப்பதால், பெயர் அதனால் வந்தது என்று நினைத்தேன்.

குறுக்கெழுத்து

அப்படித்தான் தோன்றும், ஆனால் இல்லை. அவருடைய முழுப்பெயர் 'பஞ்சினெல்லோ'. இத்தாலியில், குறிப்பாக நேப்பிள்ஸ் நகரத்து நாடகங்களில், 'புல்ச்சினெல்லா' என்ற கோமாளி உண்டு. கூன் முதுகும் அலகு போன்ற மூக்கும் அவனுடைய அடையாளங்கள். கோழிக்குஞ்சைக் குறிக்கும் 'புல்ச்சினோ' என்ற சொல்லோடு பெயரை இணைப்பவர்கள் அந்த மூக்கைத்தான் சான்று காட்டுகிறார்கள். லண்டனின் காவென்ட் கார்டனில் இத்தாலியர் ஒருவர் நடத்திய பாவைக்கூத்தைக் கண்டு மகிழ்ந்ததாக சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் 1662 மே 9 அன்று எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் பஞ்சின் வரவுக்கு அதுவே முதல் பதிவு. பெயர் சுருங்கிப் 'பஞ்ச்' ஆன பிறகு, அது அடிப்பதையும் குறிக்கும் சொல் என்பது ஆட்டக்காரர்களுக்கு வசதியாகப் போயிருக்கும். தடியடி அவனுக்கு முன்பே இருந்தது, பெயர்ப் பொருத்தம் தானாக அமைந்தது.

குதிரைக்கு வருவோம். அதே பீப்ஸ் 1669இல் எழுதிய குறிப்பொன்றில், ஏழைக் குடும்பத்தார் கொழுகொழுவென்றிருந்த தம் குழந்தையைப் 'பஞ்ச்' என்று அழைத்ததைக் கேட்டு மகிழ்ந்ததாகவும், குட்டையாகவும் பருமனாகவும் இருக்கிற எதற்கும் அந்தச் சொல் பொதுவழக்காகிவிட்டதாகவும் சொல்கிறார். பாவைக்கூத்து வந்து ஏழே ஆண்டில் கோமாளியின் பெயர் உடல்வாகுக்குப் பெயராகிவிட்டது. அந்த வழக்கில்தான் சஃபோக் மாவட்டத்தின் கட்டைக்கால், அகன்ற மார்புடைய உழவுக் குதிரை 'சஃபோக் பஞ்ச்' ஆயிற்று. இன்றுள்ள அந்த இனக் குதிரைகள் எல்லாவற்றின் ஆண்வழியும் 1768இல் பிறந்த ஒரே குதிரையிடம் போய் முடிகிறது என்பார்கள்.

கோமாளியிடமிருந்து வேறொரு கிளையும் உண்டு. 1841இல் லண்டனில் தொடங்கிய நகைச்சுவை வார இதழ் அவன் பெயரையே சூடிக்கொண்டது. அதன் முதல் ஆசிரியர்களுள் ஒருவர் பெயர் மார்க் லெமன். எலுமிச்சை இல்லாமல் பஞ்ச் ஏது என்ற சிலேடை அந்தப் பெயர் வைப்பில் கலந்திருந்ததாகச் சொல்வார்கள். அப்படியானால் கோமாளியும் பானமும் அங்கே ஒருமுறை கைகுலுக்கிக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நாம் இன்று கேலிச்சித்திரத்தைக் 'கார்ட்டூன்' என்பது அந்த இதழ் 1843இல் தொடங்கிவைத்த வழக்கு. லக்னோவிலிருந்து 1877 முதல் வெளிவந்த உருது நகைச்சுவை இதழும் 'அவத் பஞ்ச்' என்றே பெயர் பூண்டது. உருது வாசகர்களுக்கு ஐந்து நினைவுக்கு வந்ததா, கோமாளி நினைவுக்கு வந்தானா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

தார்ச்சாலை

இடையில் நுழைவதற்குப் பொறுத்தருள்க. கீழவாசல் ஐயாவின் ஒலி வாதத்தில் ஓர் ஓட்டை இருப்பதாக நினைக்கிறேன். ஐந்து ஆறுகள் பாயும் பஞ்சாபை ஆங்கிலேயர் எழுதும்போது முதல் எழுத்தை அடுத்து அவர்களுடைய உகர எழுத்தைத்தான் போடுகிறார்கள். பண்டிதரை எழுதும்போதும் அப்படியே. ஆக, இந்திய அகரத்தை அவர்கள் உகர எழுத்தால் எழுதுவது வழக்கம்தானே? 'பாஞ்ச்' என்ற நெடிலை விட்டுவிடுங்கள். கூட்டுச்சொற்களில் வரும் குறில் 'பஞ்ச்' என்பதை அவர்கள் கேட்டிருந்தால், இடையூறே இல்லையே. ஐந்து விளக்கத்தை இவ்வளவு எளிதில் கைவிட வேண்டுமா?

கீழவாசல்

தார்ச்சாலை எடுத்தது நல்ல எதிர்வாதம், இதற்கு முன்பும் வல்லுநர்கள் இதை எழுப்பியிருக்கிறார்கள். அதற்கான விடை காலத்தில் இருக்கிறது. அந்த உகர எழுத்து அகரத்துக்கு நெருங்கிய ஒலியைப் பெற்ற பிறகுதான், இந்திய அகரத்தை எழுத அதைப் பயன்படுத்துவது பொருத்தமாகும். நீங்கள் காட்டும் எழுத்துமுறைகள் ஊன்றியது பெரும்பாலும் பிற்காலத்தில். பானத்தின் பெயரோ 1632இலேயே எழுதப்பட்டுவிட்டது. தவிரவும், ஐந்து என்று விளக்கம் சொன்ன ஃபிரையரே வழக்கமான எழுத்தை விட்டுவிட்டு நெடில் தொனிக்கும் வேறு எழுத்தைக் கையாண்டார். பெயரை விளக்கத்துக்கு ஏற்ப அவர் வளைத்தாரோ என்று கூட எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆனாலும் நான் ஐந்தைக் கைவிடச் சொல்லவில்லை. ஒலி மாற்றம் இங்கிலாந்து முழுவதும் ஒரே நாளில் நடந்ததன்று. கப்பலில் வந்தவர்கள் பல வட்டாரங்களைச் சேர்ந்தவர்கள், அவர்களுள் சிலர் நாவில் உகரம் முன்பே தளர்ந்திருக்கலாம். பானம் இந்தியக் கரையில் பிறந்தது என்பதிலும், சாராயமும் எலுமிச்சையும் சர்க்கரையும் இங்கே மலிவாகக் கிடைத்ததால்தான் பிறந்தது என்பதிலும் ஐயமில்லை. இந்தியப் பானத்துக்கு இந்தியப் பெயர் இருப்பது வியப்பன்று. என் மறுப்பெல்லாம் அந்த அடித்துச் சொல்லும் தொனிக்கு மட்டுமே. தீர்ப்பு எழுதச் சொன்னால், ஐந்துக்கு வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல் என்பேன், பீப்பாய்க்கு அதில் பாதிகூடத் தரமாட்டேன்.

ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு சொல்லைச் சொல்கிறேன். ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலக் 'கேஷ்' தமிழ்க் 'காசு'விலிருந்து வந்தது என்று மேடைகளில் முழங்குகிறார்கள். உண்மையில் அங்கே இரண்டு சொற்கள் உள்ளன. ரொக்கம் என்று பொருள்படுவது பெட்டியைக் குறிக்கும் லத்தீன் 'காப்சா'விலிருந்து பிரெஞ்சு, இத்தாலிய வழியே வந்தது. சிறு செப்புக் காசைக் குறிக்கும் மற்றொன்றுதான் தமிழ்க் காசு, போர்ச்சுகீசியர் வாய் வழியே ஆங்கிலம் போனது. சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கம்பெனியார் கணக்கெழுதியபோது குறித்தது அந்தக் காசைத்தான். ஒன்று நம்முடையது என்பதற்காக இரண்டையும் நம்முடையதாக்கிக்கொள்ளத் தேவையில்லை.

'பஞ்ச்' என்பதற்கும் ஐந்துக்கும் ஒரு குறும்பான உறவு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். முட்டியைக் குறிக்கும் ஆங்கில 'ஃபிஸ்ட்' என்ற சொல், ஐந்தைக் குறிக்கும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து, மடக்கிய ஐந்து விரல்கள் என்ற கருத்தில் பிறந்திருக்கலாம் என்று மொழிநூலார் சிலர் கருதுகிறார்கள். வடமொழிப் 'பஞ்ச'வும் அதே வேர்தான். அது சரியென்றால், ஐந்தோடு உறவு கோரத் தகுதியுடையது கிண்ணமா, அதைத் தூக்கிய கையா என்று கேட்கவேண்டியிருக்கும்.

பாடவேளை

ஓய்வுபெற்ற தமிழாசிரியை நான். சொல்தேடியின் முதல் ஐயத்துக்கு நம் இலக்கணத்திலேயே ஒரு கருவி இருக்கிறது. பல பொருள் தரும் ஒரு சொல்லைத் தொல்காப்பியம் இரண்டாகப் பிரிக்கிறது. வினையால் பொருள் வேறுபட்டுத் தெரிவது ஒன்று, வினை வந்தும் வேறுபடாமல் நிற்பது மற்றொன்று. மா பூத்தது என்றால் மரம் என்று தெரிந்துவிடும். மா வீழ்ந்தது என்றால் மரமா, விலங்கா என்று தெரியாது. முதல் வகையில் பொருளைத் தேறுவதற்கு வினை, இனம், சார்பு என்ற மூன்று வழிகளைச் சொல்கிறது.

சொல்தேடி தடுக்கி விழுந்த வாக்கியத்தை இதில் நிறுத்திப் பாருங்கள். சிப்பாய்கள் 'போனார்கள்' என்ற வினை உதவவில்லை. சண்டைக் கூடத்துக்கும் போகலாம், குடிக்கும் இடத்துக்கும் போகலாம். 'சம்பளத்தைத் தொலைத்தார்கள்' என்பதும் இரண்டுக்கும் பொருந்தும். ஆகவே, இனமும் சார்பும்தான் காப்பாற்றியிருக்கவேண்டும். அருகிலுள்ள பத்தியில் சாராயமோ கிண்ணமோ உணவு விடுதியோ பேசப்பட்டிருக்கிறதா என்று பார்த்திருந்தால் போதும். அகராதி எண்களைவிடப் பக்கத்து வரிகள் நம்பகமானவை என்று வகுப்பில் ஆயிரம் முறை சொல்லியிருப்பேன்.

இன்னொன்று. திரைப்படத்துப் 'பஞ்ச் வசனம்' எந்தப் பஞ்ச் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அமெரிக்க நகைச்சுவைத் துணுக்கின் கடைசி வரிக்கு வழங்கிய 'பஞ்ச்லைன்' என்பதன் வழிவந்த குத்துதான் அது. ஆங்கிலத்தில் அந்த வரி சிரிக்கவைக்கவேண்டும். இங்கே விசிலடிக்கவைத்தால் போதும்.

சொல்தேடி

பாடவேளை அம்மா சொன்ன பிறகு முந்தைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சாராயம் காய்ச்சுவதற்கான உரிமத்தைப் பற்றி ஒரு முழுப் பத்தியே இருக்கிறது. நானே மொழிபெயர்த்த பத்தி. இனி என்ன சொல்ல?

'சாராயக்கடை' என்று எழுதிவிடலாம் என்கிறார் நண்பர். அது எனக்கு முழு நிறைவு தரவில்லை. உங்கள் கருத்து வேண்டும்.

கீழவாசல்

நண்பரின் திருத்தம் பொருளைக் காப்பாற்றுகிறது, காலத்தைத் தவறவிடுகிறது. சாராயக்கடை என்றதும் இன்றைய வாசகர் மனத்தில் எழுவது குத்தகைக்கு விட்ட கிராமத்துக் கடை. பஞ்ச் ஹவுஸ் என்பது ஐரோப்பியச் சிப்பாய்களும் மாலுமிகளும் உண்டு, குடித்து, சில நேரம் தங்கியும் சென்ற விடுதி. பிற்காலத்தில் இந்தியர்கள் அதைப் 'பஞ்ச்-கர்' என்று பாதி மொழிபெயர்த்துக்கொண்டதாக ஹாப்சன்-ஜாப்சன் குறிக்கிறது. அந்த வழியிலேயே 'பஞ்ச் விடுதி' என்று வைத்துக்கொண்டு, முதன்முறை வரும் இடத்தில் மட்டும் 'சாராயத்தில் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்த பஞ்ச் என்னும் மது விற்கும் விடுதி' என்று வாக்கியத்திலேயே விரித்துவிடுங்கள். ஐந்து பொருள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

சொல்தேடி

அப்படியே மாற்றிவிட்டேன். சந்தேகம் தொற்றிக்கொண்டதால், இன்று காலை கோப்பு முழுவதிலும் 'குத்து' என்று தேடிப் பார்த்தேன். வேப்பேரி அச்சகத்தைப் பற்றிய கட்டுரையில் 'பஞ்ச் கட்டர்' என்ற தொழிலாளியைக் 'குத்துவெட்டுக்காரர்' என்று எழுதிவைத்திருக்கிறேன். படித்தால் கொலை வழக்கில் தேடப்படுபவர் போல இருக்கிறது. ஈய எழுத்து ஐயா, உங்கள் பட்டறையில் அவரை என்னவென்று அழைத்தீர்கள்?

ஈய எழுத்து

எங்கள் பட்டறையில் அவர் இருந்ததே இல்லை, தம்பி. எழுத்துகள் வார்ப்பகத்திலிருந்து வார்த்த நிலையில் எங்களுக்கு வந்து சேரும். எஃகைச் செதுக்குபவர் அதற்கும் இரண்டு படி முன்னால் உட்கார்ந்திருப்பவர். 'அச்செழுத்து வெட்டுபவர்' என்று எழுதுங்கள். ஆள் அமைதியானவர், யாரையும் குத்தமாட்டார்.